சுண்டுவிரலுக்கு எந்தக் கீபோர்ட்?

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்கு மூன்று கீபோர்ட் வாங்கத் துரை (தோட்ட மனேஜர்) சம்மதித்துவிட்டார். "கை வலிக்காத கீபோர்ட் என்று ஏதோ இருக்கிறதாமே, எது நல்லதென்று பார்த்து எழுதித் தாங்க மிஸ்" என்றார். அரைப்பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பார்க்கப் பார்க்க விஷயம் கீபோர்டைத் தாண்டி மேசை, கதிரை, கடைசியில் தமிழ் எழுத்து வரைக்கும் போய்விட்டது. ஹட்டனிலோ பண்டாரவளையிலோ இதே யோசனையில் இருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று நீளமாகவே எழுதுகிறேன்.

நான் 14 வருஷமாகச் செக்ரோல், அதாவது தொழிலாளர் சம்பளப் பதிவேடு, அடிக்கிறேன். காலையில் பிரட்டில் (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில்) எடுத்த பேர், மூன்று நிறுவையின் கொழுந்து, கைக்காசு, அட்வான்ஸ், கடன் பிடிப்பு, சேமலாப நிதி எல்லாம் கணினிக்குள் போவது என் கை வழியாகத்தான். மாதக் கடைசி நெருங்கினால் வலது சுண்டுவிரலின் அடியில் ஓர் இழுப்பு தொடங்கும். உள்ளங்கை ஓரமாக ஏறி முழங்கை வரை போகும். போன வருஷம் ஒருநாள் பிளேன்டீ கோப்பையைத் தூக்கும்போது பிடி நழுவி, அன்றைய நிறுவைத் துண்டுகள் அத்தனையும் நனைந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் என் கைவலி ஆபீசில் பேசவேண்டிய விஷயம் ஆனது. கைக்காக இல்லை, துண்டுகளுக்காக.

சாதாரணக் கீபோர்டில் அப்படி என்ன கோளாறு? எழுந்து நின்று கைகளைத் தொங்கவிடுங்கள். முழங்கையை மட்டும் மடக்கிக் கைகளை முன்னே கொண்டுவாருங்கள். இரண்டு கையும் தோளகலத்தில் நிற்கும், கட்டைவிரல் மேலே பார்க்கும், மணிக்கட்டு நேராக இருக்கும். இனி அதே கைகளைக் கீபோர்டில் வையுங்கள். எழுத்து விசைகள் இருக்கும் இடம் ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். அந்த இடத்துக்குள் இரண்டு கையும் ஒடுங்கவேண்டும் என்பதால் மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமாக வெளியே வளைகிறது. உள்ளங்கை கவிழும்போது முன்கையின் இரண்டு எலும்புகளும் குறுக்காகத் திரும்புகின்றன. கீபோர்டின் பின்பக்கக் குட்டிக் கால்களையும் விரித்து வைத்திருந்தால் கை மேல்நோக்கி மடங்குகிறது. மூன்று வளைவும் சேர்ந்து, நாளுக்கு ஏழெட்டு மணி நேரம்.

அந்தக் குட்டிக் கால்களை இப்போதே மடக்கிவிடுங்கள். எதையும் வாங்குமுன் செய்யக்கூடிய காசில்லாத வைத்தியம் அது. எங்கள் ஆபீசில் எல்லாக் கீபோர்டும் கால் விரித்தே இருந்தன. ஏன் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை, வாங்கி வந்த அன்று யாரோ விரித்திருக்கிறார்கள்.

இந்த எழுத்து வரிசையும் நமக்காகப் பிறந்ததில்லை. இலங்கைத் தேயிலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெய்லர் கண்டிப் பக்கம் லூல்கந்துரவில் அதைப் பயிரிட்டது 1867இல். அடுத்த வருஷம், 1868இல், அமெரிக்காவில் ஷோல்ஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் டைப்ரைட்டருக்குக் காப்புரிமை வாங்கினார்கள். சில ஆண்டுகளில், இன்றும் கீபோர்டில் இருக்கும் குவர்ட்டி (QWERTY) வரிசை வந்தது. தேயிலையும் அந்த வரிசையும் ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், இரண்டையும் இன்றுவரை நம் விரல்கள்தான் சுமக்கின்றன.

வாங்குவதற்கு முன் இன்னொன்றையும் பார்க்கவேண்டும், உங்களுக்கு எந்த விரல் என்பதை. கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலின் பாதி, இவை மரத்துப்போனால் மணிக்கட்டின் நடுவே ஓடும் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்கலாம். மணிக்கட்டில் ஒரு குறுகலான வழி உண்டு. ஒன்பது தசைநாண்களும் அந்த நரம்பும் அதற்குள்தான் நெருக்கிக்கொண்டு போகின்றன. நாண்கள் வீங்கினால் நரம்புக்கு இடமில்லை. சுண்டுவிரலுக்குப் போகும் நரம்பு வேறு. அது முழங்கையின் பின்பக்கம் சுற்றி வருவது. முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டு வேலை செய்பவர்களுக்கு அங்கேதான் நசுங்கும். என்னுடையது மரப்பு இல்லை, வெறும் இழுப்பும் வலியும்தான். பரிசோதித்த டாக்டர் நரம்பில் ஒன்றுமில்லை, அந்த விரலுக்கு வேலை அதிகம் என்றார். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் மரப்பு, பொருள் கைநழுவுவது என்று இருந்தால் கீபோர்ட் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள்.

மேசையைச் சொல்லாமல் கீபோர்டைப் பற்றிப் பேச முடியாது. தோட்டத்து ஆபீஸ் மேசைகள் பேரேட்டில் பேனாவால் எழுதுவதற்காகச் செய்தவை. என்னுடையது வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு. அளந்து பார்த்தேன், 77 சென்டிமீட்டர் உயரம். உட்கார்ந்தால் என் முழங்கை அதற்கு ஒரு கையகலம் கீழே இருக்கும். தோளைத் தூக்கிக்கொண்டுதான் அடிக்கவேண்டும். கதிரையை உயர்த்தினால் கால் தரையில் படாது. இந்த மேசைமேல் எவ்வளவு விலையான கீபோர்டை வைத்தாலும் வலி போகாது. மேசையின் காலை அறுக்கலாமா என்று கேட்டேன், துரையின் முகத்தைப் பார்த்ததும் பேச்சை மாற்றிவிட்டேன். சரி, கதிரையை உயர்த்தி, காலுக்குப் பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் ஒரு மணை அடித்துப் போட்டேன். வலியில் பாதி அந்த வாரமே குறைந்தது.

இனிக் கீபோர்டுகள். சந்தையில் இருப்பவற்றை நான் நாலு ஜாதியாகப் பார்க்கிறேன். ஒரே துண்டாக நடுவில் பிளந்து வளைந்தவை, இரண்டு தனித் துண்டுகளானவை, கிண்ணம் போல் குழிந்தவை, வலது ஓரத்து எண் பட்டை (எண் விசைகளின் கூட்டம்) இல்லாத குட்டிகள்.

வளைந்தவற்றைப் பிரபலமாக்கியது மைக்ரோசொஃப்ட். 1994இல் வந்த அவர்களுடைய நேச்சுரல் கீபோர்டுதான் எர்கோனமிக் (உடம்புக்குப் பொருந்துவது) என்றதும் பலர் மனதில் வரும் உருவம். எழுத்துகள் நடுவில் பிரிந்து இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கும், நடுப்பகுதி மேடாக இருக்கும். அதனால் மணிக்கட்டு வெளியே வளைவதும், கை முழுதாகக் கவிழ்வதும் குறைகிறது. 2005இல் வந்த 4000, 2013இல் வந்த ஸ்கல்ப்ட் இரண்டும் அதே வழிதான். 2023இல் மைக்ரோசொஃப்ட் தன் பெயரில் கீபோர்ட், மவுஸ் செய்வதை நிறுத்துவதாக அறிவித்தது. மறு வருஷம் இன்கேஸ் என்ற நிறுவனம் அந்த வடிவங்களை எடுத்துக்கொண்டது. ஆகவே இங்கே பழைய ஸ்கல்ப்ட் ஒன்று மலிவாக வருகிறதென்றால் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, அதன் குட்டி யூஎஸ்பி ரிசீவர் கூட இருக்கிறதா என்பது. அந்தக் கீபோர்ட் தன்னோடு வந்த ரிசீவருடன் மட்டுமே பேசும், தொலைந்தால் வேறு வாங்கிப் பொருத்த முடியாது.

இப்போது இந்த வகையில் அதிகம் பேசப்படுவது லொஜிடெக் எர்கோ கே860. 2020இல் அமெரிக்காவில் 130 டொலருக்கு வந்தது. அதில் எனக்குப் பிடித்தது குட்டிக் கால்கள் முன்பக்கம் இருப்பது. பின்பக்கத்தை உயர்த்தாமல் முன்பக்கத்தை 4 பாகையோ 7 பாகையோ உயர்த்தும். உயரமான மேசைக்காரர்களுக்கு இது பெரிய வரம், கை மேல்நோக்கி மடங்காது. அதே நிறுவனத்தின் வேவ் கீஸ் 2023இல் 60 டொலருக்கு வந்தது. அது பிளவு இல்லை, மெல்லிய அலை வளைவு மட்டும். பழகுவது சுலபம், அதற்கேற்ப மணிக்கட்டு நிமிர்வதும் கொஞ்சம்தான்.

வளைந்த ஒன்றைக் கொழும்பிலுள்ள தம்பியிடம் இரவல் வாங்கி மூன்று வாரம் அடித்துப் பார்த்தேன். முதல் வாரம் பைத்தியம் பிடித்தது. பிளவில் பி (B) எழுத்து இடது பக்கம் போய்விடுகிறது. நான் இத்தனை வருஷமும் அதை வலது கையால் அடித்திருக்கிறேன் என்பதே அன்றுதான் தெரிந்தது. நான் தமிழ் அடிக்கும் பாமினி விசை முறையில் அந்த விசைதான் 'டி'. கண்டி, காடி, நாடி, கட்டிடம், எல்லாம் வெற்றிடத்தில் விழுந்தன. விரல் போய்த் தட்டும் இடத்தில் விசையே இல்லை, மேடுதான் இருக்கிறது. இரண்டாம் வாரம் கை பழகியது. கடிதம் அடிக்கும்போது மணிக்கட்டு உண்மையிலேயே லேசாக இருந்தது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் செக்ரோல் அடிக்கும்போது? எண் பட்டை வலது ஓரத்தில், அதற்கு அப்பால் மவுஸ். சாதாரணக் கீபோர்டைவிட அகலம் என்பதால் வலது கை இன்னும் வெளியே போனது. மூன்றாம் வாரம் தோள்பட்டை வலிக்கத் தொடங்கியது. இன்னொரு சங்கடமும் உண்டு. துணி போர்த்திய மணிக்கட்டுத் தாங்கி கொழும்பில் எப்படியோ, இங்கே தென்மேற்கு மழை தொடங்கிப் பனிமூட்டம் ஜன்னலுக்குள் வந்தால் காயவே காயாது. ஈரச் சாக்கு வாசம் அடித்தது.

இரண்டு தனித் துண்டுகள் வகையில் கினெசிஸ் ஃப்ரீஸ்டைல் போன்றவை இருக்கின்றன. தோளகலத்துக்குத் தள்ளி வைக்கலாம், வேண்டிய கோணத்தில் திருப்பலாம். விளம்பரத்தில் யாரும் சொல்லாத ஒரு லாபம் இதில் நம்மைப் போன்றவர்களுக்கு உண்டு. இரண்டு துண்டுக்கும் நடுவில் நிறுவைப் புத்தகத்தை வைக்கலாம். இப்போது புத்தகம் இடது பக்கம், திரை நேரே, நாள் முழுக்கக் கழுத்து இடமும் வலமும் திரும்பியபடி இருக்கிறது. புத்தகம் நடுவில் வந்தால் கண்ணைத் தாழ்த்தி உயர்த்தினால் போதும். காசு பிரச்சினை இல்லையென்றால், தாளைப் பார்த்து அடிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் காசு பிரச்சினை. கொழும்பில் கணினிக் கடைகள் இருக்கும் யுனிட்டி பிளாசா பக்கம் போய் வந்தவர்களிடம் விசாரித்தேன், ஓர்டர் கொடுத்துத்தான் எடுக்கவேண்டும் என்றார்கள். பழுதானால் திருப்பி அனுப்பும் செலவே தனி.

கிண்ண வகை ஒரு தனி உலகம். இங்கிலாந்தில் மால்ட்ரொன் 1970களிலேயே செய்தது, கினெசிஸ் 1992இலிருந்து செய்கிறது. விசைகள் விரல் நீளத்துக்கேற்பக் குழிக்குள் இருக்கும், என்டரும் பேக்ஸ்பேஸும் கட்டைவிரலுக்குப் போய்விடும். சுண்டுவிரல்காரியான எனக்கு அதைப் படிக்கும்போதே ஆசை வந்தது. ஆனால் லீவில் போகும்போது என் மேசையில் வேறொருவர் உட்காரவேண்டும். அவர் அதைப் பார்த்தால் லீவே தரமாட்டார்கள்.

குட்டி வகை எர்கோனமிக் என்ற பெயரிலேயே வராது. எண் பட்டையை வெட்டிவிட்ட சாதாரணக் கீபோர்ட்தான். முழுக் கீபோர்ட் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர், இது 36. அந்த 9 சென்டிமீட்டர் மவுஸை உள்ளே இழுத்துவிடுகிறது, தோள் வலிக்கு இது போதும். இணையத்தில் எல்லோரும் இதையே சிபாரிசு செய்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் எண் அடிப்பதில்லை. 700 பேருடைய கிலோக்கணக்கை மேல்வரிசை எண்களில் அடிக்கச் சொன்னால் நான் வேலையை விட்டுவிடுவேன். ஆகவே தனி எண் பட்டையும் சேர்த்து வாங்கவேண்டும். தனியாக இருப்பதன் சுகம் பிறகுதான் தெரியும். நிறை அடிக்கும் நேரத்தில் கீபோர்டை இடப்பக்கம் ஒதுக்கிவிட்டு, எண் பட்டையை வலது தோளுக்கு நேரே இழுத்து வைத்துக்கொள்ளலாம். கடிதம் அடிக்கும்போது அதைத் தூக்கி ஓரத்தில் வைக்கலாம். இரண்டும் சேர்ந்தே வளைந்த கீபோர்டின் விலைக்கு மிகக் கீழேதான் வருகிறது. ஏதாவது ஒன்று பழுதானால் ஹட்டன் டவுனிலேயே வேறு வாங்கலாம்.

வளைந்த கீபோர்ட் வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் உண்டா என்று துரை கேட்பார் என்று தெரியும். அதையும் தேடினேன். 1999இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், ஏற்கெனவே கைவலி இருந்த 80 பேருக்கு வெவ்வேறு கீபோர்ட் கொடுத்து 6 மாதம் பார்த்தார்கள். ஒரே துண்டான வளைந்த வகையைப் பாவித்தவர்களுக்கு வலி குறையும் போக்கு தெரிந்தது, அதுவும் மாதக்கணக்கில் பாவித்த பிறகு. மணிக்கட்டு நரம்பு நசுங்கும் நோய்க்கு இந்தச் சாதனங்கள் உதவுமா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2012ஆம் ஆண்டு மீளாய்வு, போதிய ஆதாரம் இல்லை என்றது. அதாவது இது மருந்து இல்லை. பொருந்தினால் சுகம், பொருந்தாவிட்டால் காசு நட்டம்.

சரி, என் சுண்டுவிரலுக்கு வருவோம். டாக்டர் வேலை அதிகம் என்றாரே, என்ன வேலை என்று ஒருநாள் எண்ணிப் பார்த்தேன். ஆபீஸ் பலகையில் ஒட்டுவதற்கு அடித்த வரி இது: "கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப்பேர்தான் போடப்படும்." (அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம்.) ஐந்து சொல். அதில் ஒன்பது புள்ளி. எண்ணிப் பாருங்கள். பாமினி முறையில் புள்ளி எங்கே இருக்கிறது? எல் எழுத்துக்குப் பக்கத்து அரைப்புள்ளி விசையில், வலது சுண்டுவிரலுக்கு நேர் கீழே. தமிழில் அதிகம் தட்டவேண்டிய விசை கையிலேயே பலவீனமான விரலுக்கு! இகரக் குறி, என்டர், பேக்ஸ்பேஸ் எல்லாமும் அதே விரல்தான். இங்கிலீஷ்காரன் அந்த விசையைத் தொடுவது எப்போதாவது ஒருமுறை. கீபோர்டை எப்படி வளைத்தாலும், பிளந்தாலும், குழித்தாலும் இந்த ஒன்பது தட்டு அங்கேயேதான் இருக்கும்.

தமிழ்99 முறையில் புள்ளி இடது சுட்டுவிரலின் கீழே, எஃப் விசையில் இருக்கிறது. 1999இல் சென்னையில் நடந்த இணைய மாநாட்டையொட்டி வந்த முறை அது. உயிரெழுத்து இடது கைக்கு, மெய் வலது கைக்கு. அப்புறம் இன்னொரு வசதி, ஒரே மெய்யை இரண்டு தரம் தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ந்த, ம்ப, ண்ட போன்ற சோடிகளுக்கும் அப்படியே. மேலே சொன்ன வரியில் ந்த இரண்டு, ப்ப இரண்டு, ஆக நாலு புள்ளி தானாகவே வந்துவிடும். மிச்சம் ஐந்து, அதுவும் சுட்டுவிரலுக்கு. காசு செலவு பூச்சியம்.

பழகும் செலவுதான் உண்டு. பாமினி கையில் ஊறிய ஆளுக்கு முதல் மாதம் அழுகை வரும். ஆபீசில் மற்றவர்களும் அதே கணினியைத் தொடுகிறார்கள் என்றால் சண்டையும் வரும். இலங்கை அரசு ஏற்றிருப்பது ரெங்கநாதன் முறை, பரீட்சை எழுதி அரசாங்க வேலைக்குப் போக நினைக்கும் பிள்ளைகள் அதை யோசித்துக்கொள்ளட்டும். இங்கிலீஷ் எழுத்தில் அம்மா என்று அடிக்கும் இளசுகள் தங்களுக்குப் புள்ளித் தொல்லை இல்லை என்று சிரிக்கிறார்கள். உண்மைதான், ஆனால் அவர்கள் ஒவ்வொரு அகரத்துக்கும் இடது சுண்டுவிரலைத் தட்டுகிறார்கள். பத்து வருஷம் போகட்டும், பார்க்கலாம்.

எதை மாற்றினாலும் நாள் பார்த்து மாற்றுங்கள். சம்பளம் போட்டு முடிந்த 10ஆம் திகதிக்குப் பிறகு தொடங்கினால் மாதக் கடைசிக்குள் கை ஓரளவு பழகிவிடும். 25ஆம் திகதி புதுக் கீபோர்டைப் பெட்டியிலிருந்து எடுப்பவர் பிழைக்க மாட்டார்.

துரைக்கு நான் கொடுத்த பட்டியல் இப்படி. முன்பக்கம் உயரும் வளைந்த கீபோர்ட் ஒன்று, கடிதம் அடிக்கும் தங்கச்சிக்கு. அவளுக்கு நாள் முழுக்க எழுத்துதான், எண் கிடையாது. வந்து நாலு மாதம்தான், கையும் இன்னும் இறுகவில்லை. எனக்குக் குட்டிக் கீபோர்ட் ஒன்றும் தனி எண் பட்டை ஒன்றும், வலி குறையத் தமிழ்99ஐ நானே பழகிக்கொள்கிறேன். மூன்றாவது பெக்டரியில் டீமேக்கருக்கு. அவருடைய கீபோர்டைத் தலைகீழாகத் தட்டினால் ஒரு கரண்டி தேயிலைத் தூசி கொட்டும், அவருக்கு வளைவும் வேண்டாம் பிளவும் வேண்டாம். மலிவான வயர் கீபோர்ட், மேலே ரப்பர் உறை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதிது. நின்றுகொண்டே நாலு எண் அடித்துவிட்டுப் போகிறவர் அவர்.

ஸ்டோர் கிளாக்கர் அண்ணனிடமும் கேட்டேன், பட்டியலில் அவர் பெயரே இல்லையே என்று. "எனக்குக் கீபோர்ட் எதுக்கு, உங்க காலுக்குக் கீழ இருக்கே அந்த மணை, அது மாதிரி ஒண்ணு அடிச்சுத் தாங்க" என்றார். பெட்டிப் பலகை இன்னும் இரண்டு மிச்சம் இருக்கிறது.